மறுபடி அண்ணனின் வேகம்

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. எதிரே போகும் வண்டிகளின் எண் பலகைகளை மோர்ஸ் குறிகளாக மாற்றி முனகிக்கொண்டிருக்கிறார். ‘டா டிட் டிட், டிட் டா டா டா டா.’ லாரி என்றால் ஆடி அசைந்து போகும், எண் முழுதாக முடிந்துவிடும். பைக் என்றால் மூன்றாவது எழுத்தைத் தாண்டுவதற்குள் முனை திரும்பிவிடும். அப்போது கழுத்தை நீட்டி, அது போன திசையையே பார்த்து, “போச்சு” என்பார். பக்கத்தில் நிற்பவர், என்ன போச்சோ என்று தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அவர் பல்செட் செய்கிறவர். ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவருடைய பட்டறை. மருத்துவர் எடுத்து அனுப்பும் அச்சில் வெள்ளைப் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றுவார். உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிடாமல் இருக்க, அச்சை அதிரும் மேடைமேல் வைத்துப் பிடித்திருப்பார். பிறகு இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு, அந்த ஈறில் ஒவ்வொரு பல்லாக நடுவது. வாயின் சொந்தக்காரரை அவர் பார்த்ததே இருக்காது. செட் போன நாளில் மட்டும், சுற்று வழியாக இருந்தாலும், அந்த மருத்துவமனை வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். வெளியே வருகிறவர் வாயைத் திறந்து சிரிக்கிறாரா, கையால் மூடிக்கொள்கிறாரா என்று தெரிந்தாக வேண்டும். மூடிக்கொண்டால் அன்று ராத்திரி சோறு இறங்காது. தும்மலுக்காக மூடியிருக்கலாம் என்று அவர் மனைவி எவ்வளவு சொன்னாலும் எடுபடாது.

பட்டறையைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். படியிறங்கிய பிறகு, இழுத்துப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பார். கீழே மருந்துக் கடைக்காரர் அதற்காகவே காத்திருப்பது போல, “என்ன, பூட்டு நல்லா இருக்குதா?” என்று விசாரிப்பார்.

“இருக்குது, இருக்குது. ஒரு தரம் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

சொந்தமாக நிலையம் வைத்துக்கொண்டு, உரிமம் வாங்கி, முன்பின் தெரியாதவர்களோடு வானலையில் தொடர்புகொள்ளும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. ஹாம் ரேடியோ என்பார்கள். அதில் சிலர் வாயால் பேசுவார்கள். சிலர் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸில்தான் பேசுவார்கள். நம்மவர் இரண்டாவது ரகம். வாயால் பேசப் பயம் என்பது அதற்கு ஒரு காரணம். அவருடைய மன்றத்தில் எல்லோரும் அவரை ‘மறுபடி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் எதை அனுப்பினாலும், முழுதாகக் காதில் வாங்கிவிட்ட பிறகும்கூட, ‘மறுபடி?’ என்று ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொள்வார். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் கிடையாது. “தப்பா எழுதி வெக்கறதுக்கு, கேட்டு எழுதறது கௌரவம்தானே” என்பார்.

மோர்ஸின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கிடுவார்கள். அவருக்கு இந்தக் கணக்கு மூளையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வேகம் இருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுவது ஐந்து. பட்டறைக்குப் போன் செய்து பல்லின் நிறம் சொல்லும் மருத்துவர் பன்னிரண்டு. தகரக் கூரையில் மழை பிடிக்கும்போது இருபது, வலுத்தால் நாற்பது. மனைவி சாதாரணமாக முப்பத்தைந்து. கோபம் வந்தால்? “அத அளக்கறதுக்கு இன்னும் மிஷின் கண்டுபிடிக்கலங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார், அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். வக்கீல் பேசப் பேச நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எழுதுகிற கை. அந்தக் கையால்தான் அவருக்குச் சோறு போடுகிறார், போடும்போதே கேட்பார்:

“நூத்திருபது எழுதறவ கூட இத்தன வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. இருபத்தெட்டுக்குப் போய் இப்படி நடுங்கலாமா?”

“உனக்கு எதிர்ல நின்னு பேசறாங்கம்மா. மூஞ்சி தெரியுது. எனக்கு இரைச்சலுக்கு நடுவுல கொசு கத்தற மாதிரி வருது.”

“மூஞ்சியப் பார்த்தா எழுதறேன்? எனக்குப் புரியலன்னா பேனாவ நிறுத்திடுவேன். பேனா நின்னா பேசறவர் தானா நின்னுடுவார். நீங்க புரியாதப்பத்தான் தலைய வேகமா ஆட்டறீங்க.”

இது உண்மை. அவருடைய காது இருபத்துநான்கு வரை நிம்மதியாக இருக்கும். இருபத்தாறில் உள்ளங்கை ஈரமாகும். இருபத்தெட்டில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முக்கியமாக, எச் என்ற எழுத்துக்கு நான்கு புள்ளி, ஐந்து என்ற எண்ணுக்கு ஐந்து புள்ளி. மெதுவாக வந்தால் எண்ணிவிடலாம். வேகமாக வந்தால் இரண்டும் ‘ட்ர்ர்’ என்று ஒரே கீறல்தான். பழகியவர்கள் எண்ணுவதில்லை, முகம் பார்த்து ஆளை அடையாளம் காண்பது போல ஓசையை வைத்தே சொல்லிவிடுவார்கள். இவர் எண்ணுவார். மேசைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த மூன்று எழுத்து போயிருக்கும்.

மன்றத்தின் நிலையம் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் இருக்கிறது. பள்ளியின் சொந்தக்காரர்தான் மன்றத்தின் கேப்டன். அவரும் வேற்றாள் இல்லை, மறுபடி அண்ணனுடைய மனைவியின் தம்பி. சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள், ‘மெதுவாகச் செல்’, ‘முந்தாதே’, ‘வளைவு’. மூலையில் வெட்டி வைத்த ஒரு பழைய என்ஜின். அதன்மேல் ரேடியோவின் அட்டைப் பெட்டிகள். ஜன்னல் வழியே மொட்டை மாடிக் கம்பத்துக்குப் போகும் கறுப்பு வயர். கேப்டன் பகல் முழுவதும் கீழே காரில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, “மெதுவா, மெதுவா, ஏங்க பறக்கறீங்க?” என்று கத்துவார். சாயங்காலம் மாடியேறி ஹெட்போனை மாட்டினாரென்றால் முப்பத்திரண்டுக்குக் கீழே இறங்க மாட்டார்.

“கீழ ரெண்டு பிரேக், மேல ஒண்ணு கூடக் கெடயாது” என்பார் கணக்கு வாத்தியார். மன்றத்தின் இன்னொரு கில்லாடி அவர்.

வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய போட்டியில் இவர்கள் ஒரே ரேடியோவை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். போட்டி சிக்கலானது இல்லை. ஒருவர் அழைப்பார். கேட்டவர் தன் அழைப்புக் குறியை, அதாவது எழுத்தும் எண்ணுமாக இருக்கும் தன் பெயரை, அனுப்புவார். அதைச் சரியாக வாங்கி, திருப்பிச் சொல்லி, ஆளுக்கொரு வரிசை எண்ணை மாற்றிக்கொண்டால் ஒரு தொடர்பு. நன்றி, அடுத்த ஆள். முடியும்போது யாரிடம் அதிகத் தொடர்பு இருக்கிறதோ அவர்கள் வெற்றி. கேப்டனும் வாத்தியாரும் ரேடியோவில் மாறி மாறி உட்காருவார்கள். மறுபடி அண்ணன் உபரி. பேட்டரி தூக்குவார், வயர் இழுப்பார், டீ போடுவார். உபரி நாற்காலி ஒன்று கதவோரம் இருக்கிறது. ஒரு கால் குட்டையானது. அதில் உட்கார்ந்து, அவர்கள் தட்டுவதையெல்லாம் உதட்டுக்குள் கூடவே முனகிக்கொண்டிருப்பார். ரேடியோ முன்னால் உட்கார வேண்டும் என்ற ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட, தூக்கத்தில்தான் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை போட்டிக்கு முன்தினம் வாத்தியார் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. “தொண்ட கட்டிக்கிட்டிருந்தாப் பரவால்ல. மோர்ஸுக்குத் தொண்ட எதுக்கு? கடவுள் பார்த்துப் பார்த்துக் கைய ஒடச்சிருக்கார்” என்று அவரே சிரித்தார். மறுபடி அண்ணன் கட்டைத் தொட்டுப் பார்த்து, “பிளாஸ்டர்ல காத்து இருக்குது சார், சரியாத் தட்டல” என்றார், பதற்றத்தில் வேறு பேச்சு வராமல்.

கேப்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி அண்ணனின் தோளில் கை வைத்தார்.

“மாமா, மத்தியானம் நீங்கதான். காலைல நான் ஓட்டிடறேன். சாப்பிட்டுட்டு வர்ற வரைக்கும் நீங்க பாருங்க. போன வருஷம் கையெட்டற தூரத்துல போச்சு. உங்களுக்கே தெரியும்.”

“சரி மச்சான்.”

“மணிக்கு அம்பது தொடர்பு. சராசரியா. அதுக்குக் கீழ போனா நம்மளால எழுந்திருக்க முடியாது. நீங்க அம்பது போட்டுட்டீங்கன்னா, இனிமே இந்த டீம்ல மூணு பேர். உங்களுக்குன்னு ஒரு முறை. இல்லன்னா…” கேப்டன் தயங்கினார். “இல்லன்னா அடுத்த வருஷம் வேற யாரையாவது பார்க்கணும் மாமா. அக்காவுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனா பார்க்கணும்.”

“சரி மச்சான்.”

“வேகத்தக் கொறைக்காதீங்க. அது ஒண்ணுதான். வேகம் கொறஞ்சா நம்மள ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

மூன்றாவது முறையும் சரி என்றார். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் சொல் அதுதான். மருத்துவர் வெள்ளைப் பல் கேட்டுவிட்டுப் பிறகு மஞ்சள் கேட்டாலும் சரிதான்.

போட்டி நாள் காலை அவர் முகம் மழித்தபோது இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். பல்தேய்க்கும் பசையை இரண்டாம் தரம் எடுத்துவிட்டு, தேய்த்தோமா இல்லையா என்று நாக்கால் தடவிப் பார்த்தார். மனைவி கோர்ட்டுக்குப் போகாத நாள். வாசல் வரை வந்து, “பேனாவ நிறுத்துங்க. தலைய ஆட்டாதீங்க” என்று மட்டும் சொன்னார். முப்பத்தைந்தில் இல்லை, பத்தில். அதுவே அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

மத்தியானம் கேப்டன் எழுந்து ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். அதன் பஞ்சு இன்னும் சூடாக இருந்தது. கேப்டன் படியிறங்கும் சத்தம் கேட்கும் வரை இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் வேகக் குமிழ் முப்பத்திரண்டில் நின்றது. வாத்தியார் பக்கத்து மேசையில் கணினியின் முன்னால், இடது கையை வைத்துக்கொண்டு பதிவெழுத உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் கொறச்சுக்கங்க” என்றார் வாத்தியார்.

“வேணாம் சார். கொறைக்க வேணாம்னு சொல்லியிருக்கார்.”

அழைப்பை அனுப்புவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைக் கையால் தட்ட வேண்டியதில்லை. முன்பே பதிந்து வைத்திருப்பார்கள், பொத்தானை அழுத்தினால் ரேடியோவே அனுப்பிவிடும். என்ன வேகம் வைத்தாலும் அதற்கு வேர்க்காது. பதில் வரும்போதுதான் மனிதனுக்கு வேர்க்கும். ஏனென்றால் பதில் சொல்கிறவர்கள் அழைத்தவருடைய வேகத்திலேயே சொல்வார்கள், அதுதான் மரியாதை. முப்பத்திரண்டில் அழைக்கிறவருக்கு முப்பத்திரண்டும் கேட்கும் என்று நம்பித்தான் சொல்வார்கள். தன்னால் அனுப்ப முடிகிற வேகத்தை வைத்துவிட்டு, தன்னால் கேட்க முடியாத பதிலுக்குக் காத்திருப்பது இந்தப் பொழுதுபோக்கில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. அதைத்தான் அவர் செய்தார்.

பொத்தானை அழுத்தினார். அழைப்பு அம்பு போலப் போனது. கேட்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது, ஒரு நொடி தாமே பெரிய ஆள் என்று தோன்றியது. உடனே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். காதுக்குள் ஒரு கைப்பிடி ஆணியை அள்ளிக் கொட்டியது போல இருந்தது. முதல் எழுத்து கிடைத்தது. பிறகு ஒரு ட்ர்ர். நான்கா, ஐந்தா? மேசைக்கு அடியில் விரல் மடங்கியது. ‘மறுபடி?’ என்று அனுப்பினார். மறுபடி வந்தது. மறுபடி ட்ர்ர். ‘மறுபடி?’ மூன்றாம் முறை பதில் சொன்னவரின் தட்டலிலேயே எரிச்சல் தெரிந்தது. நான்காம் முறை பதிலே இல்லை.

“போச்சு” என்றார்.

“ஒண்ணுதானே போச்சு. அடுத்தது” என்றார் வாத்தியார்.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்தது எப்படியோ கிடைத்தது. ஒருவருடைய எண்ணைத் தப்பாக வாங்கி, அவர் திருத்த, திருத்தத்தையும் தப்பாக வாங்கி, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பிரிந்தார்கள். திரையின் மூலையில், கடைசி ஒரு மணி நேரத்தை வைத்து, மணிக்கு எத்தனை என்று சராசரி காட்டிக்கொண்டே இருக்கும். கேப்டன் விட்டுப் போனபோது அறுபதுக்கு மேல் இருந்தது. அது குளிர்காய்ச்சல் விட்ட உடம்பின் சூடு போல இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியது. வாய் வறண்டது. பக்கத்தில் தண்ணீர் இருந்தது, ஆனால் குடிப்பதற்குள் யாராவது கூப்பிட்டுவிட்டால்?

“அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? இப்ப வந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் காலைலயே வந்தவங்க. சிவப்புல காட்டுது. ஒருத்தர ரெண்டு தரம் எழுதினாப் புள்ளி கெடயாது. புது ஆள் வரவே மாட்டேங்கறாங்க.”

“என்னாலயா சார்?”

“தெரியலண்ணே. வேகமானவங்க எல்லாரும் காலைலயே தீர்ந்துட்டாங்களோ என்னவோ.”

சராசரி முப்பதைத் தொட்டது. அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். யோசித்து எடுக்கவில்லை. வேர்வையில் விரல் வழுக்கியதால் எடுத்தார். அழைப்பு நின்றது. ஹெட்போனில் வெறும் இரைச்சல், தூரத்தில் எங்கோ மழை பெய்வது போல. வழக்கமாக இந்த இடைவெளியில் வேறு யாராவது அந்த அலைவரிசையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து எல்லோரும் விடாமல் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அவர் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது யாரோ ஒருவர் தட்டினார். மிக மெதுவாக. தன் பெயரில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். ‘இருக்கிறீர்களா?’ என்பது போல. தட்டிவிட்டு, தப்பு செய்துவிட்டவர் போல உடனே அடங்கிவிட்டார்.

மறுபடி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தட்டலை அவருக்குத் தெரியும். ஆளைத் தெரியாது, தட்டலைத் தெரியும். வீட்டில், தன் சின்ன ரேடியோவின் முன்னால், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவரே அப்படி உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒருவர் முப்பதில் அழைத்துக்கொண்டிருப்பார். அவருடைய பெயரை முழுதாக வாங்கவே ஐந்தாறு சுற்று கேட்க வேண்டும். பெயர் கிடைத்ததும் விரலைக் கொண்டுபோய், மோர்ஸ் தட்டும் பேடிலின்மேல் வைப்பார். இப்போது தட்டலாம், இதோ இப்போது. அதற்குள் வேறு யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அல்லது யாரும் கூப்பிட மாட்டார்கள், பயம்தான் கூப்பிடும். விரலை எடுத்துவிடுவார்.

“சார்” என்றார். “இருக்காங்க.”

“யாருண்ணே?”

“நெறையப் பேர் இருக்காங்க. கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கூப்பிடப் பயந்துக்கிட்டு. நான் இந்த வேகத்துல கத்தினா அவங்க எப்படி வருவாங்க?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பயந்தாங்கொள்ளி எங்க ஒளிஞ்சிருப்பான்னு எனக்குத் தெரியாதா சார்?”

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி அண்ணன் சிரிக்கவில்லை. கை குமிழுக்குப் போனது, திரும்பி வந்தது. கேப்டன் என்ன சொல்வார்? சராசரியை இப்படிக் கீழே தள்ளியது போதாதென்று வேகத்தையும் குறைத்தாயா என்பார். மறுபடியும் போனது. முப்பது. இருபத்தெட்டு. அங்கே நின்று கதவைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு. இருபத்துநான்கு. பிறகு, தன் காதுக்காக இல்லாமல் அந்தக் கேள்விக்குறிக்காக, இருபது.

பொத்தானை அழுத்தினார். அழைப்பு வயதானவர் படியிறங்குவது போல ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்துப் போனது. அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஒருவர் வந்தார். முழுப் பெயரும் ஒரே முறையில் கிடைத்தது. வாத்தியார் கணினியில் தட்டினார். “புது ஆள்!” அடுத்தவர் வந்தார். அவரும் புது ஆள். அடுத்தவர் நடுங்கி நடுங்கி வந்தார், தன் பெயரையே இரண்டு முறை தப்பாகத் தட்டி, மூன்றாம் முறை சரியாக முடித்தார். இவர் அவசரப்படுத்தவில்லை. நன்றி என்பதையும் முழுதாகத் தட்டினார். எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். மெல்லிய குரலுள்ளவர்கள், இடறுகிறவர்கள், எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டுவிட்டு அழித்து எழுதுகிறவர்கள். நெடுநேரம் வாசலில் நின்றவர்கள் கதவு திறந்ததும் உள்ளே வருவது போல வந்தார்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் நேரம் அதிகம் பிடித்தது. ஆனால் ஒன்றும் வீணாகவில்லை, ‘மறுபடி?’ என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

முப்பது என்ற எண் முப்பத்தைந்தானது. வாத்தியார் ஒற்றைக் கையால் தட்டித் தட்டி வேர்த்துப்போனார். “அண்ணே, மெதுவாங்க, என் கை ஒண்ணுதான்!” என்றார். இருபதில் ஓடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது நல்ல வேடிக்கை. ஆனால் பதற்றம் தீரவில்லை. இப்போது அது வேறு இடத்துக்கு மாறியிருந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயம் போய், எட்டிவிடலாமோ என்ற பயம் வந்திருந்தது. அது இன்னும் மோசமானது. நாற்பது. நாற்பத்துநான்கு. மூத்திரம் முட்டியது, எழுந்திருக்கவில்லை.

படியில் காலடி கேட்டது. கேப்டன் ஏறி வந்தார். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டிருந்தார், கன்னத்தில் தலையணையின் வரி இருந்தது. வாத்தியார் பதிவெழுதுவதற்காக ஒலிபெருக்கியும் போட்டிருந்தார்கள். அதில் கேட்ட வேகம் கேப்டனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

“என்ன இது? யார் அனுப்பறது?”

“நம்மதான்” என்றார் வாத்தியார்.

“இருபதுலயா? மாமா! நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?” கேப்டன் திரையைப் பார்த்தார். நாற்பத்தொன்பது. கோபப்படுவதா வேண்டாமா என்று முகம் திணறியது. “சரி, எப்படியோ வந்துட்டுது. இன்னும் ரெண்டு மூணு பேர் வேகமாத் தட்டிட்டா அம்பது தாண்டிடும். முறை முடியப் போவுது. ஏத்துங்க மாமா, ஏத்துங்க.”

அந்த நேரத்தில் அழைப்புக்கு மூன்று பேர் பதில் சொன்னார்கள். இரண்டு பேர் வேகமானவர்கள், சுத்தமாகத் தட்டுகிறவர்கள், எடுத்தால் அரை நிமிடத்தில் இரண்டு தொடர்பு. மூன்றாமவர் அவர்களுக்கு அடியில், மூச்சு விடுவது போலக் கேட்டார். பன்னிரண்டு இருக்கலாம், பத்துகூட இருக்கலாம். பெயரின் முதல் எழுத்தைத் தட்டிவிட்டு நின்றார். யோசித்தார். அடுத்த எழுத்து. மேலே இரண்டு பேரும் தட்டி முடித்து மௌனமாகிவிட்ட பிறகும் அவர் மட்டும் பெயரின் நடுவில் இருந்தார். தப்பு வந்தது. எட்டுப் புள்ளி தட்டி அழித்தார். முதலிலிருந்து ஆரம்பித்து, ஒருவழியாகப் பெயரை முடித்தார். முந்தி ஒரு கேள்விக்குறியைத் தட்டிவிட்டு அடங்கிய அதே விரல்தான்.

“விடுங்க மாமா அவர” என்றார் கேப்டன். “அவருக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். சராசரி நாப்பத்தேழுக்குப் போயிடும். வேகமான ரெண்டு பேர் நிக்கறாங்க, அவங்கள எடுங்க. சீக்கிரம். போயிடுவாங்க.”

மறுபடி அண்ணனின் வாய் ‘சரி’ என்று சொல்லத் திறந்தது. காற்று மட்டும் வந்தது. தலை ஆடவில்லை. அவர் குமிழைத் திருப்பினார். பதினெட்டு. பதினைந்து. பன்னிரண்டு.

“மாமா, உங்க எடம் மாமா! சொல்றத கேளுங்க.” கேப்டன் மேசையின் மறுபக்கத்திலிருந்து குனிந்து குமிழை நோக்கிக் கையை நீட்டினார்.

மறுபடி அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, மைத்துனரையும் பார்க்கவில்லை. இடது உள்ளங்கையைக் குமிழின்மேல் கவிழ்த்து இறுக மூடிக்கொண்டு, வலது கையால் அந்த முகம் தெரியாதவரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பித் தட்டத் தொடங்கினார்.